மாமாவுக்கு எந்த மின்கார்?

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

“நீ இயற்பியல்தானே படிக்கிறாய், இதற்கு ஒரு விடை சொல்” என்று வீட்டில் யாரேனும் கேட்டால், மாணவர்களாகிய நமக்கு உள்ளூர ஓர் அச்சம் எழுவது இயல்பு. மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள். மின்கட்டணம் ஏறிவிட்டது என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள். தேர்வில் விடை தவறினால் போவது இரண்டு மதிப்பெண். வீட்டில் சொல்லும் விடை தவறினால் போவது என்னவென்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2025 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியில் மட்டும் அது தெளிவாகத் தெரிந்திருந்தது. விடை தவறினால் போகக்கூடியது என் பாட்டியின் வீடு.

என் தாய்மாமன் தர்மபுரியில் ஒரே ஒரு வாடகைக் கார் வைத்துப் பிழைப்பவர். ஓட்டுநரும் அவரே, உரிமையாளரும் அவரே. காலையில் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை அழைத்துச் செல்வார். மாலையில் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பும் குடும்பத்தை ஏற்றி வருவார். ஞாயிறு வந்தால் ஒகேனக்கல். என் விடுதிக் கட்டணம் மூன்று ஆண்டுகளாக அந்தக் காரின் வருமானத்திலிருந்தே கட்டப்பட்டு வருகிறது. ஆகவே அந்தக் காருக்கு நானும் கடன்பட்டவள்.

பதினோர் ஆண்டுகள் ஓடிய அந்த டீசல் கார் சென்ற ஆண்டு புகையத் தொடங்கியது. இஞ்சினை முழுதும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். இனி டீசலே வேண்டாம், மின்கார்தான் என்று மாமா முடிவு செய்தார். எந்த மின்கார் என்பதில்தான் சிக்கல் வந்தது.

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் புதிய மின் கிராஸ்ஓவர். எல்லாச் செலவும் சேர்த்து 17 லட்சம் ரூபாய். மற்றொன்று, பெங்களூரில் ஒருவர் மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய ஜெர்மானிய ஆடம்பர மின் செடான். பழைய விலையாக 42 லட்சம் ரூபாய் கேட்டார்கள். “கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த மாதிரி கார் ஒரு நாளைக்குப் பதினைஞ்சாயிரம் போகுதும்மா” என்றார் மாமா. பணத்திற்கு வழி? பாட்டியின் பெயரில் உள்ள வீட்டை வங்கியில் அடமானம் வைப்பது. மகன் கேட்டால் மறுக்கத் தெரியாத பாட்டி, கையெழுத்துப் போடத் தயாராகவே இருந்தார்.

“பெரிய பேட்டரி நல்லதா, சின்ன பேட்டரி நல்லதா? அதை மட்டும் சொல்லும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆடம்பரக் காரில் பெங்களூரில் ஒருமுறை ஏறிப் பார்த்தவள் நான். ஓசையே இல்லை. காலால் சற்று அழுத்தியதும் முதுகை இருக்கையோடு சேர்த்து அமுக்கிற்று. ‘பெரியதுதான் மாமா’ என்று சொல்ல என் நா துடித்தது. விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “கேள்வியையே மாற்று. எந்த மின்கலம் என்று கேட்காதே. உன் மாமா நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறார் என்று கேள்” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட கணக்கே இக்கட்டுரை.

இரு வண்டிகளின் இயல்பு

மின்கார் நம் பக்கத்திற்குப் புதிதன்று. நமக்கு அண்மையில் உள்ள பெங்களூரில் 2001 ஆம் ஆண்டிலேயே ‘ரேவா’ என்னும் சிறிய மின்கார் விற்பனைக்கு வந்தது. ஆயினும் பொதுமக்கள் துணிந்து வாங்கும் நிலை வந்தது 2020 சனவரியில் டாட்டா நிறுவனம் ‘நெக்ஸான்’ காரை மின்கலத்தோடு வெளியிட்ட பிறகே எனலாம். அப்போது அதன் தொடக்க விலை ஏறத்தாழ 14 லட்சம்; மின்கலத்தின் கொள்ளளவு 30.2 யூனிட். 2024 இல் அதே காருக்கு 45 யூனிட் மின்கலம் வந்தது. ஒரு கிலோவாட் திறனில் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலவிட்டால் ஒரு யூனிட் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது.

கிராஸ்ஓவர் என்பது என்ன? சாதாரணக் காரின் அடித்தளத்தின் மேல், ஜீப்பைப் போல உயரமாக எழுப்பிய உடல். செடான் என்பது தாழ்ந்து, நீண்டு, பின்னால் பெட்டி வைக்கத் தனி அறை உடையது. ஆடம்பர மின் செடானுக்கு எடுத்துக்காட்டாக 2022 மே மாதம் இந்தியாவில் 69.9 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமான பி.எம்.டபிள்யூ. ஐ4 காரைச் சொல்லலாம். அதன் மின்கலத்தில் நாம் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 80.7 யூனிட். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 5.7 வினாடியில் எட்டிவிடும். இவ்விரு கார்களையே என் கணக்கிற்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

மின்கலம் என்னும் பணப்பை

மின்கலத்தை ஒரு பணப்பையாக எண்ணிக்கொள்வோம். பை பெரிதாக இருந்தால் நெடுந்தூரம் போகலாம். ஆனால் கடைத்தெருவுக்குப் போகும்போதும் அந்தப் பெரிய பையைச் சுமந்தே போகவேண்டும். ஐ4 காரின் மின்கலம் மட்டுமே அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. கார் முழுதும் சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். கிராஸ்ஓவரின் எடை ஒன்றரை டன் அளவில் நிற்கிறது.

முதலில், விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை நம்பி ஏமாறக் கூடாது. நெக்ஸான் 45 யூனிட் காருக்குச் சொல்லப்பட்ட தூரம் 489 கி.மீ. வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 92 வாட்-மணிதான் செலவாகிறது என்று ஆகும். இது ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட மெதுவான ஓட்டமுறையில் அளந்தது. குளிர்சாதனம் ஓட, நான்கு பேர் அமர, நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும்போது 150 வாட்-மணி ஆகும் என்று வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அப்படியானால் 45 யூனிட்டுக்கு 300 கி.மீ. ஆடம்பர செடானுக்கு 180 வாட்-மணி என்று கொண்டால் ஏறத்தாழ 450 கி.மீ.

மாமாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். டீசல் கணக்குக்காக எழுதியது எனக்கு உதவியது. ஓராண்டுக் குறிப்புகளை ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன். பத்து நாள்களில் எட்டு நாள் 200 கி.மீ.க்குள் முடிந்திருந்தது. ஒரு நாள் பெங்களூர் போய்த் திரும்பும் 270 கி.மீ. மீதி ஒரு நாள்தான் 300 கி.மீ.யைத் தாண்டியது. அதாவது பெரிய மின்கலத்தின் பயன் பத்தில் ஒரு நாளுக்கு. அதன் விலையும் சுமையும் பத்து நாளுக்கும்.

காற்றும் எடையும்

‘அப்படியானால் பெரிய கார் மின்சாரத்தை விழுங்குமே’ என்று நான் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டபோது அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிந்தது. சாலையில் உருளும் சக்கரத்திற்கு உள்ள எதிர்ப்பு எடையைப் பொறுத்தது. உருளல் கெழு 0.01 என்று கொண்டால், 2,100 கிலோ வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 57 வாட்-மணி. 1,500 கிலோ வண்டிக்கு 41. வேறுபாடு 16 வாட்-மணி. மாதம் 4,000 கி.மீ. ஓடினால் 64 யூனிட் கூடுதல். அவ்வளவே.

காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 80 கி.மீ. வேகத்திலிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. இங்கே தாழ்ந்து வழுவழுப்பாக இருக்கும் செடான் வெல்கிறது. உயர்ந்து நிற்கும் கிராஸ்ஓவர் காற்றை மார்பால் முட்டித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆகவே ஊருக்குள் கிராஸ்ஓவருக்கு ஆதாயம். நெடுஞ்சாலையில் செடானுக்கு ஆதாயம். கூட்டிக் கழித்தால் மின்செலவில் பெரிய வேறுபாடில்லை. இயற்பியல் இரண்டு கார்களுக்குமே தேர்ச்சி மதிப்பெண் போட்டுவிட்டது! மாமாவின் கேள்விக்கு இயற்பியல் மட்டும் விடை சொல்லாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மின்கலத்தின் வேதியியல்

வேதியியல் துறைத் தோழியர் இப்பகுதியைக் கவனிக்க வேண்டுகிறேன். இரண்டும் லித்தியம் அயனி மின்கலமே என்றாலும் உள்ளே உள்ள பொருள் வேறு. நெக்ஸானில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஆடம்பரக் காரில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. நிக்கல் வகை குறைந்த எடையில் அதிக ஆற்றலைத் தாங்கும். இரும்பு வகை சற்றுக் கனமானது. ஆனால் விலை குறைவு, வெப்பத்தை நன்கு தாங்கும், பல்லாயிரம் கி.மீ. ஓடினாலும் மெதுவாகவே தேயும். நிக்கல் வகையை நாள்தோறும் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது என்பது பொது அறிவுரை. இரும்பு வகையை அடிக்கடி முழுதும் நிரப்பலாம். நாள்தோறும் ஏற்றி இறக்கும் வாடகை வண்டிக்கு இரும்பே ஏற்றது அன்றோ!

இந்த இரும்பு பாஸ்பேட்டை மின்கலத்திற்கு ஏற்றது என்று 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்ன குழுவின் தலைவர் ஜான் குட்இனஃப். லித்தியம் மின்கல ஆய்வுக்காக 2019 இல் மேலும் இருவருடன் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. அவருக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் பேருரை ஆற்றியவர் யார் தெரியுமா? தமிழகத்தின் தென்கோடியில் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் என்னும் தமிழர். இரும்பு பாஸ்பேட்டுக்கு வழிகாட்டிய ஆய்வை 1980களில் குட்இனஃபுடன் சேர்ந்து செய்தவர் அவர். பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நிற்கும் காருக்கும் நம்மைப் போல் தமிழகக் கல்லூரியில் படித்த ஒருவரின் உழைப்புக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை எண்ணி வியந்தேன்.

எங்கே, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது?

வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல். அதில் 45 யூனிட் மின்கலத்தை வெறுமையிலிருந்து நிரப்ப ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். 80 யூனிட் மின்கலத்திற்கு ஓர் இரவும் ஒரு பகலும் போதாது. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் மின்னேற்றி இருந்தால் சிறியது ஏழு மணி நேரத்தில் நிரம்பும். பெரியது பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். ஐ4 கார் 11 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும் திறனுடையது. ஆனால் அதற்கு மும்முனை மின்னிணைப்பு வேண்டும். பாட்டி வீட்டில் இருப்பது ஒருமுனை.

வழியில் உள்ள விரைவு நிலையங்களைப் பார்ப்போம். ஐ4 கார் 205 கிலோவாட் வரை உறிஞ்ச வல்லது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் குழாயில் வருவதைவிட அதிகமாகக் குடம் பிடிக்க முடியுமா? மாமாவும் நானும் போய்ப் பார்த்த நிலையங்களில் எழுதியிருந்தது 30, 60 என்பதே. 30 கிலோவாட் நிலையத்தில் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது வரை ஏற்ற, சிறிய மின்கலத்திற்கு ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். பெரியதற்கு இரண்டு மணி நேரம். விலை கொடுத்து வாங்கிய திறமை, சாலையில் வழி இல்லாததால் உறங்கிக் கிடக்கும்.

தொப்பூர்க் கணவாய்

நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்தது தொப்பூர் இறக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகள் அங்கே எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றன. மின்காருக்கு அங்கே ஒரு நன்மை உண்டு. இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியை இழுத்துப் பிடித்து, மின்சாரத்தை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டி 200 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையாற்றல் 35 லட்சம் ஜூல். அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். அதில் ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கும். அதன் விலை எட்டு ரூபாய்கூட இல்லை. ஆனால் பிரேக் சூடேறாமல் இருப்பதற்கு விலை உண்டா?

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மின்கலம் முழுதும் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்திற்கு அங்கே இடமில்லை. அப்போது இந்த இழுவை குறைந்துவிடும். எனவே கணவாய்க்குச் சற்று முன்னால் நூறு விழுக்காடு நிரப்பிக்கொண்டு இறங்கலாகாது. இந்த நன்மை இரண்டு கார்களுக்கும் பொது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். நெக்ஸான் மின்கார் 2024 இல் பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஐ4 கார் 2022 இல் ஐரோப்பிய என்.சி.ஏ.பி. சோதனையில் நான்கு பெற்றது. இரண்டு சோதனைகளும் வேறுவேறு. ஐரோப்பியத் தேர்வு கடினமானது. ஆகவே ஐந்து பெரிதா, நான்கு பெரிதா என்று ஒப்பிடுவது தவறு. ஆனால் மலிவான கார் என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடலாம்.

கடன் கணக்கு

இனி வணிகவியல் மாணவர்களின் துறைக்கு வருகிறேன். மாமா கையில் இருந்தது, பழைய காரை விற்றதும் சீட்டு எடுத்ததும் சேர்த்து ஐந்து லட்சம். கிராஸ்ஓவருக்கு மீதிக் கடன் 12 லட்சம். ஆடம்பர செடானுக்கு 37 லட்சம். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்றால், முதலாவதற்கு மாதம் 25,500 ரூபாய். இரண்டாவதற்கு 78,600 ரூபாய்.

டீசல் காரில் ஒரு லிட்டருக்கு 16 கி.மீ.; லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்தே முக்கால் ரூபாய். மாதம் 4,000 கி.மீ.க்கு 23,000 ரூபாய். மின்காருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.17 யூனிட் என்று கொள்வோம். முக்கால் பங்கு வீட்டில் எட்டு ரூபாய்க்கும், கால் பங்கு வெளியில் 22 ரூபாய்க்கும் ஏற்றினால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய், மாதம் 8,000. மிச்சம் 15,000 ரூபாய். அதாவது கிராஸ்ஓவரின் தவணையில் பாதிக்கு மேல் டீசல் பணமே கட்டிவிடுகிறது. மாமா புதிதாகத் தேடவேண்டியது மாதம் பத்தாயிரத்து ஐந்நூறு.

ஆடம்பரக் காரின் கணக்கு? தவணைக்கு மட்டுமே மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் மாப்பிள்ளை அழைப்பு வேண்டும். நல்ல முகூர்த்தங்கள் ஒரே நாளில் நெருக்கியடித்து வருபவை. ஒரு கார் ஒரு மாப்பிள்ளையைத்தான் அழைக்க முடியும். ஆடி மாதத்தில் திருமணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. கடன் கொடுத்தவருக்கோ ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. மேலும், சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான காரை அப்படியே வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம், பதிவை மாற்றியாகவேண்டும். வாடகை மின்காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்தக் காருக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து.

அரசு தந்த சலுகைகளையும் கணக்கில் சேர்த்தேன். மின்வாகனங்களுக்கு சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டிலிருந்து ஐந்து விழுக்காடு. மின்கலத்தில் ஓடும் வாடகை வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 இல் அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 2025 இறுதிவரை சாலை வரியில் முழு விலக்கு அளித்தது. இவை இரண்டு கார்களுக்கும் பொதுவானவை. மலிவான காரின் விலையில் ஒரு பகுதியை இவை தாங்கும். 37 லட்சம் கடனில் இவை கடலில் கரைத்த பெருங்காயம்.

பாட்டி ஏறிய கார்

இத்தனை கணக்கையும் நான்கு பக்கத்தில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். “எல்லாம் சரிதாம்மா. ஆனா ஊருல ஒரு மதிப்பு வரும்ல?” என்றார். என்னிடம் அதற்குச் சூத்திரம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் அந்த செடானை ஊருக்கே கொண்டுவந்தார். எங்கள் தெருவில் உள்ள வேகத்தடையைக் கோணலாக, நத்தை போல் ஊர்ந்து கடந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. மாமாவின் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “அம்மா, நீ மொதல்ல ஏறும்மா” என்று பாட்டியைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தார். எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தாழ்ந்த இருக்கையில் பாட்டி அமர்ந்துவிட்டார், எழத்தான் முடியவில்லை. மாமா ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினோம்.

வெளியே வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு பாட்டி சொன்னார்: “காரு நல்லாத்தான் இருக்குது கண்ணு. உள்ள போறது சுலபமா இருக்குது. வெளிய வரத்தான் ரெண்டு ஆளு வேணும்.”

பாட்டி சொன்னது காரைப் பற்றி மட்டுமே. மாமா கடனைப் பற்றிக் கேட்டவர் போல் நின்றார். அவர் நோட்டில் உள்ள பயணங்களில் பாதி, முழங்கால் வலியோடும் சிறுநீரகக் கோளாறோடும் சேலத்திற்குப் போகும் பாட்டிகளும் தாத்தாக்களும்தாம். அதை நானும் என் நான்கு பக்கத்தில் எழுத மறந்திருந்தேன். எடையைக் கணக்கிட்டேன், காற்றைக் கணக்கிட்டேன். ஏறி அமர்பவரைக் கணக்கிடவில்லை.

ஆவணி பிறந்ததும் மாமா கிராஸ்ஓவருக்கு முன்பணம் கட்டினார். வீட்டுப் பத்திரம் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது.

குறையும் உண்டு

எல்லாம் இனிதாயிற்று என்று முடித்தால் அது உண்மையாகாது. ஒரு சனிக்கிழமை மாலை, பெங்களூரிலிருந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை அழைத்து வரும்போது, ஓசூர் அருகே ஒரு மின்னேற்ற நிலையத்தில் இருந்த இரண்டு குழாய்களில் ஒன்று பழுது. மற்றொன்றில் வேறொரு கார். நோயாளியோடு ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பெங்களூர் நம்மைவிட ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் இருப்பதால், போகும்போது ஏற்றத்திற்கு மட்டும் இரண்டு யூனிட்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது. அன்று போக்குவரத்து நெரிசலும் சேர்ந்துகொண்டது. பெரிய மின்கலம் இருந்திருந்தால் அன்று நிற்க வேண்டியதில்லை. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்றிலிருந்து மாமா, பெங்களூரில் சாப்பிடும் நேரத்திலேயே அரை மணி ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். இருபது விழுக்காட்டுக்குக் கீழே போக விடுவதில்லை.

ஆடம்பரக் கார் யாருக்கும் வேண்டாததென்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் நெடுஞ்சாலையில் முந்நூறு, நானூறு கி.மீ. ஓடுபவருக்கு, வீட்டில் மும்முனை இணைப்பு உள்ளவருக்கு, கடனின்றி வாங்க வல்லவருக்கு, அது உழைத்த உடலுக்கு ஓய்வு தரும் அருமையான பொறி. குற்றம் காரில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இக்கேள்வி வரும் நாள் தொலைவில் இல்லை. ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை நமக்குப் பக்கத்தில் போச்சம்பள்ளி அருகே இருக்கிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஒரு மின்கார் ஆலையே திறக்கப்பட்டது. ‘நீ படித்தவள், சொல்’ என்று உங்களையும் கேட்பார்கள். அப்போது விளம்பரத்தைப் பார்க்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர்? இரவில் வண்டி நிற்கும் இடத்தில் என்ன மின்னிணைப்பு? வழியில் உள்ள நிலையங்கள் எத்தனை கிலோவாட்? மின்கலத்திற்குத் தரும் உத்தரவாதம் வாடகைப் பதிவுக்கும் பொருந்துமா? ஏறி அமரப்போவது யார்? இந்த ஐந்துக்கும் விடை எழுதினால், எந்தக் கார் என்பது தானே விளங்கும்.

மாமா இன்றும் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு செடான் தாண்டிச் சென்றால் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். பார்ப்பதற்குத் தவணை இல்லை. மாலையில் வீடு திரும்பியதும் கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுக் காருக்கு மின்னிணைப்பைச் செருகுகிறார். திண்ணையில் இருந்தபடியே பாட்டி கேட்கிறார்: “ரெண்டுக்கும் வெச்சாச்சா?”

“வெச்சாச்சும்மா” என்கிறார் மாமா.